அரிய நோயர் அமைப்புக்கு மருத்துவ ஆலோசனைக் குழு: யாரைச் சேர்ப்பது, எதைக் கேட்பது?

வைகறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

இரத்தத்துக்குத் தேவையான ஹீம் என்னும் பொருளை உடல் உருவாக்குவதில் ஏற்படும் கோளாறுகளான போர்ஃபிரியா நோய்களுக்கு, ஒரு சிறிய நோயர் அமைப்பை ஒருங்கிணைத்து வருகிறேன். என் தங்கைக்கு ‘அக்யூட் இன்டர்மிட்டன்ட்’ வகைப் போர்ஃபிரியா இருக்கிறது. தாங்க முடியாத வயிற்று வலிக்காக அவளுக்குக் குடல்வால் அறுவை செய்தார்கள், எடுத்த குடல்வாலில் கோளாறு ஏதும் இல்லை என்று தெரிந்தது, வலியும் நிற்கவில்லை. அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் அலைந்துதான் நோயின் பெயரைத் தெரிந்துகொண்டோம். அந்த அலைச்சலில் அறிமுகமான நான்கு குடும்பங்கள் சேர்ந்து தொடங்கிய அமைப்பில் இன்று அறுபதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன. வயிற்றையும் நரம்பையும் தாக்கும் கடும் வகையினரும், வெயில் பட்ட தோலில் கொப்புளம் எழும் தோல் வகையினரும் ஒரே வாட்ஸ்அப் குழுவில்தான் இருக்கிறோம். மூன்று மருத்துவர்கள் எங்கள்மீது கொண்ட அன்பினால் அந்தக் குழுவில் சேர்ந்து, நேரம் கிடைத்தபோதெல்லாம் பதில் சொல்லி வந்தார்கள்.

சில மாதங்களுக்கு முன் தோல் வகையைச் சேர்ந்த ஓர் உறுப்பினர், சிறுநீர்த் தொற்றுக்குத் தமக்கு எழுதித் தரப்பட்ட சல்ஃபா வகை மாத்திரையைச் சாப்பிடலாமா என்று குழுவில் கேட்டார். அவருடைய நோயை நன்கு அறிந்த மருத்துவர், சாப்பிடலாம் என்று ஒரே வரியில் பதிலளித்தார். அந்தப் பதில் அவரைப் பொறுத்தவரை சரியானது. ஆனால் சில வாரங்கள் கழித்து, கடும் வகையைச் சேர்ந்த இன்னோர் உறுப்பினர் அதே தொற்றுக்காகத் தம் குடும்ப மருத்துவரிடம் சென்றபோது, குழுவில் தேடி அந்த ஒரு வரியை எடுத்துக் காட்டியிருக்கிறார். மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாள் அவருக்கு வலி கண்டது. மருத்துவமனையில் சேர்த்து, ஹீமின் என்னும் மருந்தை ஏற்றிய பிறகே மீண்டார். பதில் சொன்ன மருத்துவர் மனம் நொந்து குழுவிலிருந்து விலகிவிட்டார். அவர்மீது எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம்.

இனி இதை முறைப்படி செய்ய வேண்டும் என்று முடிவெடுத்து, ஒரு மருத்துவ ஆலோசனைக் குழுவை அமைக்க இருக்கிறோம். எந்தெந்தத் துறையினரை அழைப்பது, அவர்களிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது, அவர்களுக்குள் கருத்து வேறுபட்டால் நாங்கள் உறுப்பினர்களுக்கு என்ன சொல்வது என்பவையே எங்கள் ஐயங்கள். வேறு அரிய நோய்களுக்கு இத்தகைய குழுவை நடத்தியவர்களும், அதில் அமர்ந்த மருத்துவர்களும் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

---

பழைய செயலாளர் எழுதியது:

வணக்கம் வைகறை அவர்களே. வேறொரு அரிய நோய்க்கான அமைப்பில் பதினொரு ஆண்டுகள் செயலாளராக இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

எங்கள் முதல் ஆலோசனைக் குழு தோல்வியடைந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பெயர் பெற்ற ஏழு மருத்துவர்களைத் தேடிப் பிடித்து, அவர்களுடைய பெயர்களைக் கடிதத் தாளின் இடப்பக்க ஓரத்தில் அச்சிட்டு, மிகுந்த பெருமையோடு இருந்தோம். இரண்டு ஆண்டுகளில் அந்த ஏழு பேரும் சேர்ந்து எங்களுக்கு எழுதிய பதில்கள் மொத்தம் மூன்று. வெகு நாள் அவர்களைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பிற்பாடு பழைய மின்னஞ்சல்களை எடுத்துப் படித்தபோதுதான், நாங்கள் அவர்களிடம் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியைக்கூட வைக்கவில்லை என்பது புரிந்தது. ‘உணவு முறை பற்றித் தங்கள் மேலான கருத்து என்ன?’ என்று கேட்டிருந்தோம். நாள் முழுதும் நோயாளிகளைப் பார்த்துவிட்டு இரவு பத்து மணிக்கு அஞ்சல் பெட்டியைத் திறக்கும் ஒருவர் அதற்கு என்ன எழுத முடியும்?

ஆகவே ஆட்களைத் தேடும் முன் கேள்விகளைத் தொகுத்துவிடுங்கள். கடந்த ஓராண்டு வாட்ஸ்அப் உரையாடலை இருவர் உட்கார்ந்து படித்து, எந்தக் கேள்வி எத்தனை முறை வந்தது என்று எண்ணினால், உங்களுக்கு எந்தத் துறையினர் தேவை என்பது தானாகத் தெரிந்துவிடும். உங்கள் நோயைப் பற்றி நான் அறிந்த அளவில், மாதவிடாயை ஒட்டி வலி வருகிறது என்று பல பெண்கள் கேட்டிருப்பார்கள். அதற்கு மகளிர் நோய் மருத்துவர் வேண்டும். அறுவைக்கு முன் பட்டினி இருக்கச் சொல்கிறார்களே, பட்டினியே வலியைத் தூண்டுமே என்று கேட்டிருப்பார்கள். அதற்கு மயக்க மருந்தியல் வல்லுநர் வேண்டும். கல்லீரல் மருத்துவர், நரம்பியல் மருத்துவர், மரபணு ஆலோசகர் ஆகியோர் எப்படியும் பட்டியலில் இருப்பார்கள். பலரும் மறந்துவிடும் இருவர் உண்டு: ஆய்வகத்தில் பரிசோதனையைச் செய்யும் உயிர்வேதியியலாளர் ஒருவர், மருந்துகளைப் பற்றியே நாள் முழுதும் சிந்திக்கும் மருந்தாளுநர் ஒருவர். என் அனுபவத்தில், கூட்டத்துக்குத் தவறாமல் வந்து, கொடுத்த வேலையைச் சொன்ன நாளில் முடித்துத் தந்தவர்கள் இந்த இரு வகையினர்தாம்.

அடுத்தது எல்லை. ஆலோசனைக் குழு அமைப்புக்கு ஆலோசனை சொல்லும். உறுப்பினருக்கு மருத்துவம் பார்க்காது. இதை ஒரே பக்கத்தில் எழுதி, மருத்துவர்களிடமும் உறுப்பினர்களிடமும் கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள். இந்த எல்லையை நன்றாக வரைந்த அமைப்பு ஒன்றைச் சுட்ட வேண்டுமென்றால், ‘மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா’ என்னும் நோய்க்காக 1981-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட அமைப்பைச் சொல்வேன். சில மயக்க வாயுக்களும் சக்சினில்கோலின் என்னும் மருந்தும் இந்த நோயரின் தசைகளைக் கொதிக்கச் செய்துவிடும். டேன்ட்ரோலீன் என்னும் முறிமருந்தை உடனே செலுத்தாவிட்டால் உயிர் போகும். அந்த அமைப்பு 24 மணி நேரத் தொலைபேசி உதவி ஒன்றை நடத்துகிறது. பேசுபவர்கள் தொண்டாகப் பணியாற்றும் மயக்க மருந்தியல் வல்லுநர்கள். அழைப்பவர், அறுவை அரங்கில் நோயாளியின் அருகில் நிற்கும் மருத்துவர். மருத்துவர் மருத்துவரோடு பேசுகிறார், முடிவு நோயாளியைக் கண்முன்னே காண்பவரிடம் இருக்கிறது. உங்களுடைய உறுப்பினர் ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால், உங்கள் வல்லுநர் பேச வேண்டியது அங்கே பணியிலிருக்கும் மருத்துவரிடம்தான்.

கருத்து வேறுபாட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வல்லுநர்கள் வேறுபடும் இடத்தை மறைக்க வேண்டாம். உங்கள் நோய்க்கான மருந்துப் பட்டியலையே எடுத்துக்கொள்ளுங்கள். நார்வேயின் போர்ஃபிரியா மையம் பேணும் மருந்துத் தரவுத்தளம், மருந்துகளை ‘தகும், தகாது’ என்று இரண்டாகப் பிரிக்கவில்லை. ஐயமின்றித் தூண்டக்கூடியது தொடங்கித் தூண்டாதது வரை ஐந்து நிலைகளாக வகுக்கிறது. நடுவில் உள்ள நிலைகள், தூண்டுவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்பதைப் படிப்படியாகச் சொல்லும் நிலைகள். உங்கள் குழுவும் அப்படியே செய்யலாம். ஒவ்வோர் ஆலோசனைக்கும் கீழே, அது ஆய்வுச் சான்றின்மீது நிற்கிறதா, வல்லுநரின் அனுபவத்தின்மீது நிற்கிறதா, எந்த நாளில் கூறப்பட்டது, எப்போது மறுபார்வை செய்யப்படும் என்று நான்கு செய்திகளைக் குறித்துவிடுங்கள். நாங்கள் வெளியிட்ட ஒரு கையேட்டில் நாள் குறிப்பிடாமல் விட்டதால், கைவிடப்பட்ட ஒரு சிகிச்சை முறை ஒன்பது ஆண்டுகள் ஒளிநகலாக உலவிக்கொண்டிருந்தது.

இன்னொன்று. பதவிக் காலம் குறிப்பிடாமல் யாரையும் நியமிக்காதீர்கள். நல்லவர்களை நீட்டித்துக்கொள்ளலாம், வராதவர்களை மரியாதையாக விடைகொடுத்து அனுப்ப வேறு வழி கிடையாது.

---

வளர்சிதை மருத்துவர் எழுதியது:

இத்தகைய இரண்டு அமைப்புகளின் ஆலோசனைக் குழுக்களில் இருக்கிறேன். மேசையின் மறுபக்கத்திலிருந்து சில செய்திகளைச் சொல்கிறேன்.

வைகறை சொன்ன நிகழ்ச்சியைப் படித்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. வருத்தம்தான் ஏற்பட்டது, ஏனென்றால் அந்த மருத்துவரின் இடத்தில் நானும் இருந்திருக்கிறேன். அவர் சொன்ன பதில் நோயாளியை விட்டுப் பிரிந்து தனியே பயணம் செய்துவிட்டது. மருந்துகளால் தூண்டப்படும் ஆபத்து கடும் வகைப் போர்ஃபிரியாக்களுக்கே உரியது. தோல் வகையில் பெரும்பான்மையான போர்ஃபிரியா கியூட்டேனியா டார்டா நோயருக்கு அந்தத் தடைப்பட்டியல் பொருந்தாது. அவர்கள் கவனிக்க வேண்டியவை மது, இரும்புச்சத்து மிகுதி, ஈஸ்ட்ரோஜன், கல்லீரல் அழற்சி வைரஸ் போன்றவை. ஒரே பெயரைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு வேறு நோய்களுக்கு ஒரே உரையாடல் குழு வைத்திருக்கிறீர்கள் என்பதே என் முதல் கவலை. வேறெதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும், இந்த வாரமே அதை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். அதோடு, ஆலோசனைக் குழுவிலிருந்து வெளிவரும் எந்த வரியும் ‘யாருக்கு’ என்ற சொல்லோடு தொடங்கட்டும்.

மருத்துவர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நேரமின்மை ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், தெரியாது என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள நேருமோ என்ற அச்சம். அரிய நோயில் ‘வல்லுநர்’ என்பது சற்றுச் சங்கடமான சொல். என் பணிக்காலம் முழுவதிலும் கடும் போர்ஃபிரியா நோயர் ஒன்பது பேரையே நான் நேரில் கண்டு சிகிச்சை அளித்திருக்கிறேன். உங்கள் வாட்ஸ்அப் குழுவின் நிர்வாகி என்னைவிட அதிகமானவர்களோடு பேசியிருப்பார். இதை உணர்ந்து, ‘எங்கள் உறுப்பினர்களிடம் நாங்கள் கண்டது இது, இதற்கு உடலியல் விளக்கம் உண்டா?’ என்று கேட்கும் அமைப்போடு பணியாற்றுவது எளிது. உறுப்பினர்களின் அனுபவத்தைத் தொகுத்துக் கொண்டுவரும் அமைப்பு எனக்கும் கற்றுக்கொடுக்கிறது.

நான் இருக்கும் குழுக்களில் உருப்படியாக விளைந்தவை எவை என்று எண்ணிப் பார்த்தால், நீண்ட கையேடுகள் நினைவுக்கு வரவில்லை. ஒரு பக்கத் தாள்கள்தாம் நினைவுக்கு வருகின்றன. இரவு இரண்டு மணிக்கு அவசரப் பிரிவில் இருக்கும் இளம் மருத்துவர், பாடநூலில் ஒரு பத்தியாக மட்டும் படித்த நோயோடு ஒருவர் வந்து நிற்கும்போது, முப்பது பக்கக் கையேட்டைப் புரட்டப் போவதில்லை. அவருக்குத் தேவை சட்டைப்பையில் அடங்கும் அட்டை. அதில் நோயின் பெயர், எந்தப் பரிசோதனை, எந்தச் சிகிச்சை, எதைக் கொடுக்கக் கூடாது, யாரை அழைக்க வேண்டும் என்பவை இருந்தால் போதும். பரிசோதனை என்ற இடத்தில் மிகவும் கவனமாக இருங்கள். வலியோடு வந்த நோயாளிக்குச் சிறுநீரில் போர்ஃபோபிலினோஜன் என்னும் வேதிப்பொருளின் அளவைப் பார்க்க வேண்டும். பல இடங்களில் ‘போர்ஃபிரின்’ என்று மட்டும் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். போர்ஃபிரின் வேறு பல நோய்களிலும், சில மருந்துகளாலும், மதுவாலும் சற்றே கூடும். அதை வைத்து நோய் இல்லாதவருக்கு இருக்கிறதென்று சொன்ன சம்பவங்களும் உண்டு. பெயரில் சில எழுத்துகள்தாம் வேறுபாடு, அந்தச் சில எழுத்துகளுக்காக ஒரு வல்லுநர் கூட்டத்தைக் கூட்டினாலும் தகும்.

வலிக் காலத்துச் சிகிச்சையைப் போலவே, அமைதியான காலத்துக் கண்காணிப்பையும் உங்கள் குழு எழுதித் தர வேண்டும். கடும் வகையினருக்கு ஐம்பது வயதுக்குப் பிறகு கல்லீரல் புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடுதல் என்பதால் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் பார்க்கச் சொல்கிறோம். சிறுநீரகத்தையும் இரத்த அழுத்தத்தையும் ஆண்டுதோறும் பார்க்கச் சொல்கிறோம். வலி நின்று பத்து ஆண்டுகள் ஆனவர் மருத்துவர் பக்கமே போவதில்லை. அவரிடம் இதைக் கொண்டுசேர்க்க எந்த மருத்துவமனையாலும் முடியாது, உங்களால்தான் முடியும்.

ஒரு வேண்டுகோள்: விலகிப் போன அந்த மருத்துவரை மறுபடியும் அழையுங்கள். தவறு எப்படி நேர்கிறது என்பதை உள்ளிருந்து அறிந்தவர் உங்கள் குழுவில் ஒருவராவது இருக்க வேண்டும்.

---

வைகறை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவே குழுவை இரண்டாகப் பிரித்துவிட்டோம். அந்த மருத்துவருக்கு நானே நேரில் சென்று அழைப்பு விடுக்க இருக்கிறேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள். எங்கள் நோய்க்கான புதிய மருந்தின் ஆய்வில் பங்கேற்ற ஒரு மருத்துவர், ஆலோசனைக் குழுவில் சேர விருப்பம் தெரிவித்திருக்கிறார். அறிவில் அவரை விஞ்ச ஆளில்லை; ஆனால் மருந்து நிறுவனத்தோடு அவருக்குத் தொடர்பு இருப்பதால் எங்கள் நிர்வாகக் குழுவில் சிலர் எதிர்க்கிறார்கள். அவரே உறுப்பினர்களின் இரத்த மாதிரிகளைச் சேகரித்து ஓர் ஆய்வு செய்யவும் விரும்புகிறார். இதை எப்படிக் கையாள்வது? மேலும், மருத்துவர்களுக்கு எங்கள் நிர்வாகக் குழுவில் வாக்குரிமை தரலாமா?

---

நெறிமுறைக் குழு உறுப்பினர் எழுதியது:

நான் மருத்துவர் இல்லை. ஆய்வுகளுக்கு ஒப்புதல் வழங்கும் ஒரு நெறிமுறைக் குழுவில் சட்டத் துறையின் சார்பாக அமர்பவள். உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வாக்குரிமை தர வேண்டாம். ஆலோசனை சொல்பவர் ஒருவர், முடிவெடுத்துப் பொறுப்பேற்பவர் இன்னொருவர் என்று இருந்தால்தான் இருவரும் தத்தம் பேச்சைத் தயக்கமின்றிப் பேச முடியும். எலும்பு அல்லாத இடத்தில் எலும்பு வளரும் எஃப்.ஓ.பி. என்னும் நோயில், 1988-இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு நோயர் சங்கம் தனியாக இயங்குகிறது. சிகிச்சை வழிகாட்டு நெறிகளை வகுக்கும் மருத்துவர் மன்றம் அதிலிருந்து விலகித் தன்னுரிமையோடு இயங்குகிறது. தசைக்குள் ஊசி போட்டால் அந்த இடத்திலேயே எலும்பு வளரத் தொடங்கும் நோய் அது. ‘தசை ஊசி கூடாது’ என்று மருத்துவர் மன்றம் எழுதுகிறது. அந்த வரி ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும், பள்ளியிலும், பல் மருத்துவரிடமும் போய்ச் சேர்வதைச் சங்கம் பார்த்துக்கொள்கிறது.

இனி அந்த மருத்துவரைப் பற்றி. அரிய நோயில் எந்தத் தொடர்பும் இல்லாத வல்லுநர் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், ஒன்றும் தெரியாதவர்தான் மிஞ்சுவார். உலகில் அந்த நோயை ஆழ்ந்து கற்றவர்கள் ஒரு கூடத்தில் அடங்கிவிடுவார்கள்; புதிய மருந்து வரும்போது ஆய்வு நடத்த நிறுவனம் அவர்களிடம்தான் போகும். உங்கள் நோய்க்கான கிவோசிரான் என்னும் மருந்து 2019-இல் ஒப்புதல் பெற்றபோது, அதன் பயனையும் பக்கவிளைவையும் அருகிலிருந்து கண்டவர்கள் ஆய்வு நடத்தியவர்களே. இரத்தத்தில் ஹோமோசிஸ்டின் என்னும் அமினோ அமிலத்தின் அளவு கூடுகிறது, சிறுநீரகத்தையும் கல்லீரலையும் கவனிக்க வேண்டும் என்பதையெல்லாம் அவர்களைவிட யார் சொல்லக்கூடும்? ஆகவே அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நலன் முரண் அறிக்கையை ஆண்டுதோறும் எழுத்தில் பெற்று, அதை உறுப்பினர்கள் படிக்கும் இடத்தில் வையுங்கள். அந்த மருந்தைப் பற்றிய பொருள் வரும்போது அவர் தமக்குத் தெரிந்ததைச் சொல்லட்டும். சொல்லி முடித்ததும் முடிவு எட்டப்படும் வரை கூடத்தை விட்டு வெளியே இருக்கட்டும். அவர் எழுந்து சென்றார் என்பதைக் கூட்டக் குறிப்பில் பதியுங்கள். குழுத் தலைவர் பொறுப்பை மட்டும் அவரிடம் கொடுக்காதீர்கள்.

மாதிரிகள் பற்றிய செய்தி இன்னும் முக்கியமானது. ‘கனவன் நோய்’ என்னும் குழந்தைகளின் மூளை நோயில், பெற்றோர்கள் தங்கள் குழந்தைகளின் இரத்தத்தையும், இறந்த குழந்தைகளின் திசுக்களையும், பணத்தையும், நோயர் பதிவேட்டையும் ஆய்வாளர்களிடம் நம்பிக் கொடுத்தார்கள். 1993-இல் மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் ஆய்வு நிறுவனம் 1997-இல் அதற்குக் காப்புரிமை பெற்று, பரிசோதனைக்குக் கட்டணமும் கட்டுப்பாடும் விதித்தபோதுதான், எழுத்தில் எந்த உடன்பாடும் இல்லை என்பது பெற்றோருக்கு உறைத்தது. வழக்குத் தொடுத்தார்கள். 2003-இல் நீதிமன்றம், கொடுத்த திசுவின்மீது அவர்களுக்கு உடைமை உரிமை இல்லை என்று சொல்லி, அவர்களின் கோரிக்கைகளில் பெரும்பாலானவற்றைத் தள்ளிவிட்டது. நியாயமற்ற ஆதாயம் என்ற ஒரு கோரிக்கையை மட்டும் தொடர விட்டது. பின்னர் சமரசமாக முடிந்தது.

இதற்கு நேர்மாறான கதை, தோலிலும் கண்ணிலும் இரத்தக் குழாய்களிலும் சுண்ணாம்புச் சத்து படியும் பி.எக்ஸ்.இ. என்னும் மரபுவழி நோயில் நடந்தது. தம் இரு குழந்தைகளுக்கும் அந்நோய் இருப்பதை அறிந்த ஷாரன் டெர்ரியும் அவர் கணவரும் 1995-இல் ஓர் அமைப்பைத் தொடங்கி, மாதிரிகளைத் தாங்களே ஒரு வங்கியாகச் சேமித்து, எழுத்து உடன்பாட்டுக்கு இசைந்த ஆய்வாளர்களுக்கு மட்டும் வழங்கினார்கள். 2000-இல் மரபணு கண்டறியப்பட்டபோது, அவ்வம்மையார் கண்டுபிடிப்பாளர்களுள் ஒருவராகக் காப்புரிமை விண்ணப்பத்தில் இடம்பெற்றார். உரிமை அமைப்புக்கு வந்தது. இரு தரப்புப் பெற்றோருக்கும் அன்பில் குறைவில்லை, உழைப்பிலும் குறைவில்லை. வேறுபாடு ஒரு தாளில் இருந்தது.

எனவே மாதிரி கேட்கும் மருத்துவர் ஆலோசகர் என்ற தொப்பியோடு கேட்கக் கூடாது. ஆய்வாளராகத் தனியே விண்ணப்பம் கொடுக்கட்டும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைக் காட்டட்டும், மாதிரி எவ்வளவு காலம் எங்கே இருக்கும், முடிவுகள் உறுப்பினர்களுக்கு எப்படித் தெரிவிக்கப்படும் என்பதை எழுதித் தரட்டும். உங்கள் ஆலோசனைக் குழுவின் மற்ற உறுப்பினர்கள் அதைப் பரிசீலிக்கட்டும். மரபுவழி நோய் என்பதால், ஒருவர் தரும் இரத்தம் அவருடைய உடன்பிறந்தாரைப் பற்றியும் பேசும் என்பதை ஒப்புதல் படிவத்தில் மறக்காமல் சேருங்கள். உங்கள் நோயில் மரபணு மாற்றம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுதும் வலியே வராமல் போகலாம் என்பதால், இந்தச் செய்தியை அறிய விரும்பாத உறவினர்களும் இருப்பார்கள்.

---

பழைய செயலாளர் எழுதியது:

மேலே எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். ஆய்வாளர் கேட்டு வந்தால் பரிசீலிப்பது ஒரு முறை. அமைப்பே கேள்வியை முன்வைத்து ஆய்வாளரைத் தேடுவது இன்னொரு முறை. நிணநீர்க் கணுக்களைத் தாக்கும் காசில்மன் நோய்க்காக 2012-இல் தொடங்கப்பட்ட கூட்டமைப்பு இரண்டாம் முறையைப் பின்பற்றியது. அதைத் தொடங்கியவர்களுள் ஒருவரே அந்நோய்க்கு ஆளான மருத்துவர். நோயர்களிடமும் மருத்துவர்களிடமும் எந்தக் கேள்விக்கு முதலில் விடை வேண்டும் என்று கேட்டுத் தொகுத்து, அறிவியல் ஆலோசகர்களைக் கொண்டு வரிசைப்படுத்தி, அந்தக் கேள்விக்கு ஏற்ற ஆய்வாளரைத் தேடிச் சென்றார்கள். அறுபது குடும்பங்களை வைத்துக்கொண்டு இது எட்டாத உயரம் என்று நினைக்க வேண்டாம். உங்களுடையதைப் போன்ற நோய்க்குப் பயன்படும் ஹீமின்தான், 1983-இல் அமெரிக்காவில் அரிய நோய் மருந்துச் சட்டம் வந்ததும் அதன்கீழ் முதலில் ஒப்புதல் பெற்ற மருந்து. இந்த நோய்க்காரர்களுக்கு வரிசையில் முன்னே நின்ற வரலாறு உண்டு.

ஊதியம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கேள்வி வரும். பயணச் செலவைக் கேட்காமலே கொடுத்துவிடுங்கள். அதற்கு மேல் தருவதாக இருந்தால் அனைவருக்கும் ஒரே அளவாகத் தந்து, கணக்கில் வெளிப்படையாகக் காட்டுங்கள்.

---

வைகறை எழுதியது:

அனைவரின் மறுமொழிகளையும் அச்சிட்டு நிர்வாகக் குழுவில் படித்தோம். விலகியிருந்த மருத்துவர் திரும்பி வர இசைந்துவிட்டார். ஒரே நிபந்தனை, தொலைபேசியில் எழும் கேள்விகளுக்கு இனி அவர் பதில் சொல்ல மாட்டார், உறுப்பினரின் மருத்துவரிடம் மட்டும் பேசுவார். அதுவே எங்கள் விதியாகவும் ஆகிவிட்டது. ஆய்வு மருத்துவரும் சேர்கிறார், அறிக்கை எழுதித் தந்த பிறகு.

முதல் கூட்டத்துக்கு ஒரே ஒரு பொருளை வைத்திருக்கிறோம்: அவசர அட்டை. நாங்களாக எழுதிய வரைவு இது.

‘இந்த அட்டையை வைத்திருப்பவருக்குக் கடும் போர்ஃபிரியா உள்ளது. கடுமையான வயிற்று வலி, வாந்தி, கை கால் தளர்ச்சி, குழப்பம் ஆகியவை இந்நோயின் தாக்குதலாக இருக்கலாம். சிறுநீரில் போர்ஃபோபிலினோஜன் பார்க்கவும். இரத்தத்தில் சோடியம் அளவைப் பார்க்கவும். பட்டினி போட வேண்டாம், குளுக்கோஸ் ஏற்றவும். ஹீமின் கிடைக்கும் மருத்துவமனையை உடனே தொடர்புகொள்ளவும். பார்பிட்யூரேட், சல்ஃபா, ஃபெனிடோயின், கார்பமசெபின், வால்ப்ரோயேட் ஆகியவற்றைத் தவிர்க்கவும். மற்ற மருந்துகளைத் தரவுத்தளத்தில் சரிபார்த்த பிறகே கொடுக்கவும்.’

அட்டையின் பின்பக்கத்தில் ஆலோசகர் ஒருவரின் கைப்பேசி எண்ணை அச்சிடலாம் என்று இருக்கிறோம். ஏதேனும் குறை இருந்தால் சொல்லுங்கள்.

---

ஆய்வக உயிர்வேதியியலாளர் எழுதியது:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அட்டையைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. நன்றாக எழுதியிருக்கிறீர்கள், நான்கு இடங்களில் திருத்தம் வேண்டும்.

போர்ஃபோபிலினோஜன் என்று மட்டும் எழுதினால் போதாது. அதே மாதிரியில் கிரியேட்டினின் என்னும் கழிவுப்பொருளின் அளவையும் பார்க்க வேண்டும் என்று சேருங்கள். வாந்தியோடு வந்தவருக்கு எங்களிடம் மாதிரி வருவதற்குள் இரண்டு பாட்டில் திரவம் ஏற்றியிருப்பார்கள். சிறுநீர் தண்ணீராக நீர்த்துப்போய், அளவு குறைவாகத் தெரிந்து, நோய் இல்லை என்று எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது. கிரியேட்டினினோடு விகிதம் போட்டால்தான் உண்மை தெரியும்.

‘மாதிரியை ஒளி படாமல் அனுப்பவும்’ என்று ஒரு வரி வேண்டும். குப்பியை அலுமினியத் தாளில் சுற்றினால் போதும். எங்களுக்கு வரும் மாதிரிகளில் எத்தனையோ, செவிலியர் மேசையின் மேல் சன்னலோரத்தில் அரை நாள் இருந்துவிட்டு வருபவை.

‘ஹீமின் தொடங்கும் முன் மாதிரி எடுக்கவும்’ என்பதையும் சேருங்கள். தொடங்கிய பிறகு அளவு விரைவாக இறங்கிவிடும். ஆனால் ஏற்கெனவே நோய் உறுதியானவருக்கு முடிவு வரும்வரை சிகிச்சையை நிறுத்தி வைக்க வேண்டாம் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள், இல்லையெனில் என் வரியையே காரணம் காட்டிக் காக்க வைத்துவிடுவார்கள்.

கைப்பேசி எண்ணை எடுத்துவிடுங்கள். ஆலோசகர் இடம் மாறுவார், விடுப்பில் போவார், பதவிக் காலம் முடிந்து விலகுவார். அட்டை பணப்பையில் எட்டு ஆண்டுகள் இருக்கும். சிகிச்சை மையத்தின் பொது எண்ணைப் போட்டு, அதன் கீழே அச்சிட்ட மாதத்தையும் ஆண்டையும் போடுங்கள்.